வழிமறித்து வாங்குவது கூடுமா?

சந்தைக்குச் சரக்கு ஏற்றி வரும் வியாபாரியை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, அவர் ஊர் விலையை அறிந்துகொள்ளுமுன் பேரம் முடித்துவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் கிரந்தங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. அப்படி வாங்கிவிட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்து உண்மை விலையைத் தெரிந்துகொண்ட பின் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதும் முஸ்லிமின் அறிவிப்பில் காணப்படுகிறது. மதரஸாவில் கிதாபு ஓதியவர்களுக்கு இது பழகிய மஸ்அலா. மற்றவர்களில் பலர், ஒட்டகக் கூட்டங்கள் நின்றுபோன காலத்தில் இது நமக்கெதற்கு என்று தாண்டிப் போய்விடுவார்கள். ஒட்டகங்கள்தாம் நின்றன, வழிமறிப்பு நிற்கவில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

இந்தத் தடை யாருக்காக என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விலை தெரியாத வெளியூர்க்காரர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே என்கிறார்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். சந்தையில் காத்திருக்கும் ஊர் மக்களுக்குச் சரக்குக் கிடைக்காமல் போய்விடும் என்பது மாலிக்கீ மத்ஹபினரின் விளக்கம். ஊராருக்கு இடையூறு நேர்ந்தாலோ, விலையை மறைத்து வாங்கினாலோ அது வெறுக்கத்தக்கது என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. காரணம் எதுவானாலும், தடுக்கப்பட்ட செயல் ஒன்றுதான். விற்பவர் சந்தையை வந்தடையுமுன்னரே அவர் கையைக் கட்டிவிடுகிற செயல் அது. விலை கூடியதா குறைந்ததா என்பது இங்கே பேச்சல்ல. இருவரும் ஒரே வெளிச்சத்தில் நின்று பேசினார்களா என்பதே பேச்சு.

இப்போது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைப் பார்ப்போம். சென்னையின் மீன் பெரும்பகுதி கரையேறும் இடம் அது. சுபுஹுக்கு முன்னரே ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கணவாய், இறால் என்று கூடை கூடையாகத் தரையில் பரப்பி, பலர் முன்னிலையில் விலை கூவப்படுகிறது. பார்த்தால், ஹதீஸ் விரும்பிய சந்தை இதுவே என்று தோன்றும். சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது. விலை ஊரறியக் கேட்கிறது. ஒளிவு மறைவு இல்லை.

ஆனால் அந்தச் சரக்கு எப்படி வந்தது என்று ஒரு படி பின்னே போய்ப் பார்க்க வேண்டும். பத்து நாள், பதினைந்து நாள் என்று கடலில் தங்கிப் பிடிக்கும் விசைப்படகு புறப்பட வேண்டுமானால் டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும், ஆட்களுக்கு அரிசி பருப்பு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் வருமானம் இல்லை. படகைப் பழுது பார்க்கும் செலவு மட்டும் உண்டு. வங்கியில் ஈடு கேட்பார்கள். ஆகவே படகுக்காரர் ஏலக்காரரிடமோ மீன் வியாபாரியிடமோ முன்பணம் வாங்குகிறார். முன்பணத்துடன் ஒரு நிபந்தனையும் வந்து சேர்கிறது: பிடித்து வரும் மீனை அவர் மூலமாகவே விற்க வேண்டும், அவர் கழிக்கும் கமிஷனைக் கழித்துக்கொள்ளவும் வேண்டும், அல்லது அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். தமிழகக் கடற்கரை நெடுகிலும் உள்ள வழக்கம் இது. காசிமேடு மட்டும் விலக்கல்ல. மீன் இன்னும் நீரில் நீந்திக்கொண்டிருக்கிறது, கரையில் அதற்கு ஒரு சொந்தக்காரர் ஏற்பட்டுவிட்டார்.

நீரில் இருக்கும் மீனை விலை பேசுவது பற்றி இப்னு மஸ்வூத் (ரலி) அவர்கள் வழியாக ஒரு தடை அறிவிக்கப்பட்டிருப்பதும் அதை இமாம்கள் மோசடி கலந்த வியாபாரத்துக்கு உதாரணமாகக் காட்டுவதும் நாம் அறிந்ததே. ஆயினும் ஒரு விளக்கம் அவசியம். முன்பணம் கொடுத்து வாங்குவது முழுவதுமே தவறு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ‘ஸலம்’ என்ற பெயரில் ஷரீஅத்தே அதை அனுமதித்திருக்கிறது. ஆனால் அங்கே பொருளின் வகை, அளவு, ஒப்படைக்கும் நாள் எல்லாம் முன்கூட்டியே முடிவாகி, முழு விலையும் அப்போதே கைமாறிவிட வேண்டும். விற்பவருக்குப் பணமும் கிடைத்தது, விலையும் தெரிந்துவிட்டது. நாம் மேலே சொன்ன முன்பணம் அப்படியல்ல. அது கடன், திருப்பித் தர வேண்டியது. அந்தக் கடனின் கழுத்தில் ஒரு விற்பனை கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. கடனையும் விற்பனையையும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைப்பது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததைத் திர்மிதீ, அபூதாவூது ஆகிய கிரந்தங்களில் காணலாம். கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையாக ஓர் ஆதாயத்தை இழுத்து வரும் கடன் வட்டியின் இனத்தைச் சேர்ந்தது என்பது பிக்ஹு நூல்களின் பொது விதி. வட்டி என்ற சொல்லை வாயால் சொல்லாமல், கமிஷன் என்றும் விலைக் குறைப்பு என்றும் வேறு பெயர் வைத்து வாங்கிக்கொள்வதால் அது ஹலாலாகிவிடாது.

மீனவரின் இந்த நிலை நம் வீடுகளுக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று குர்பானித் தோலுக்கு நேர்ந்த கதியை நாம் எல்லோரும் கண்டோம். ஒரு காலத்தில் மதரஸாக்களும் அநாதை நிலையங்களும் அந்தத் தோல் பணத்தை நம்பி வரவு செலவு போட்டன. பத்தாண்டுகளுக்கு மேலாகவே விலை சரிந்து, ஆட்டுத் தோலை எடுத்துப் போக ஆள் தேட வேண்டிய நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. வெளிநாட்டில் தோலுக்குப் பதில் செயற்கைப் பொருள் பெருகியதும், ஏற்றுமதி மந்தமானதும் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளைத் தாண்டி நம் மஹல்லாவின் மதரஸாக் கணக்கு வரை வந்து தொட்டன. பச்சைத் தோலும் மீனும் ஒரு விஷயத்தில் ஒன்றே: காத்திருக்க மாட்டா. உப்புப் போடாத தோல் மறுநாள் நாறும். ஐஸ் தீர்ந்த மீனும் அப்படியே. காத்திருக்க முடியாத பொருளை வைத்திருப்பவர், காத்திருக்கக்கூடிய பணத்தை வைத்திருப்பவரிடம் என்ன பேரம் பேச முடியும்?

தோல் வியாபாரத்தில் முதிர்ந்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். பச்சைத் தோலையும் அரைப் பதத் தோலையும் பணக்கார நாடுகள் தீர்வையின்றியோ மிகக் குறைந்த தீர்வையிலோ வாங்கிக்கொள்ளும். அதே தோலைச் செருப்பாகத் தைத்து அனுப்பினால் தீர்வை ஏறும். மூலப்பொருளை மட்டும் கொடு, கைவேலையின் கூலி எங்களுக்கு என்பதே அதன் பொருள். 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்து, அதன்பின் நம் அரசு அரைப் பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது இதை எதிர்த்துத்தான். அன்று பல தோல் ஷாப்காரர்கள் அதனால் சிரமப்பட்டார்கள். ஆயினும் ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளில் இன்று வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் கூலி அந்த முடிவிலிருந்து பிறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

கடல் வாணிபத்தில் வழிமறிப்பு நம் முன்னோர் அறியாததல்ல. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்துமாக்கடலில் ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டைப் புகுத்தினார்கள். அவர்களிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்காத கப்பலையும், மிளகு போன்று அவர்கள் தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட சரக்கை ஏற்றிய கப்பலையும் பிடித்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக யாரிடமும் சீட்டுக் கேட்காமல் ஓடிய மரக்காயர்களின் மரக்கலங்களும் மலபார் மாப்பிள்ளைமார் கப்பல்களும் அதில் அடிபட்டன. பொன்னானி ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் நூலில் அந்தக் கொடுமைகளை அக்காலத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இன்று பீரங்கி இல்லை. அந்த இடத்தில் சட்டப் பிரிவுகள் வந்திருக்கின்றன. எல்லாச் சட்டமும் அநீதி என்று நாம் சொல்லவில்லை. இறாலின் கதையைச் சொல்கிறோம். வாசகர்களே எடை போடட்டும்.

2023-24-இல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான கடலுணவு சுமார் 17.81 லட்சம் டன். அதன் மதிப்பு ரூ.60,523 கோடி. அதில் உறைந்த இறால் மட்டும் ரூ.40,000 கோடி. மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. இதில் பெரும்பங்கு ஆந்திரம் முதலிய இடங்களில் குளங்களில் வளர்க்கப்படும் இறால்தான். காசிமேட்டில் இறங்கும் கடல் இறாலின் பங்கு சிறிது. என்றாலும் தூரத்துச் சந்தையில் ஒரு வாசல் அடைபட்டால் கரை விலை எல்லாவற்றுக்கும் ஆட்டம் காணும்.

2003-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்க இறால் பிடிப்போர், இந்தியா உள்ளிட்ட 6 நாடுகள் அடக்க விலைக்கும் குறைவாக இறாலைக் கொண்டுவந்து கொட்டுவதாக மனுப் போட்டார்கள். விசாரணை நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து நாகப்பட்டினம் முதல் காசிமேடு வரை மீனவர் குப்பங்களைச் சூறையாடிற்று. 2005 பிப்ரவரியில் வரி ஆணை வெளிவந்தது. இந்திய இறாலுக்குப் பொதுவாக ஏறத்தாழ 10 விழுக்காடு. சுனாமியைக் கருதி இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லி, அவ்வாண்டு நவம்பரில் மாற்றமில்லை என்று முடித்துவிட்டார்கள். இதில் நம்மை மிகவும் உறுத்துவது வரியின் அளவல்ல. அப்போது அமெரிக்காவில் ‘பேர்டு திருத்தம்’ என்றொரு சட்டம் இருந்தது. இப்படி வசூலாகும் வரிப்பணத்தை, மனுக்கொடுத்த அந்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் கம்பெனிகளுக்குமே பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னது அது. வழக்குப் போட்டவர் கையிலேயே அபராதப் பணம்! உலக வர்த்தக அமைப்பு 2003 ஜனவரியிலேயே இது முறையற்றது என்று தீர்ப்பளித்தும், 2006-இல்தான் சட்டம் நீக்கப்பட்டது. 2007 வரை இறங்கிய சரக்கின் வரி பழைய வழியிலேயே போயிற்று. எந்த காஜியும் ஏற்கமாட்டாத ஏற்பாடு இது.

ஆமை விஷயம் இவ்வளவு எளிதல்ல. இழுவலையில் கடலாமைகள் சிக்கி மூச்சுத் திணறி மாள்கின்றன. ஆமை தப்பிச் செல்லும் கருவி பொருத்தாத வலையில் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா சொன்னது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் வழக்காடின. 1998-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு கவனிக்கத்தக்கது. ஆமையைக் காக்கும் நோக்கம் தவறல்ல; ஆனால் தன் அக்கம்பக்கத்துக் கரீபியன் நாடுகளுக்கு 3 ஆண்டு அவகாசமும் உதவியும் கொடுத்துவிட்டு, ஆசிய நாடுகளுக்கு 4 மாதமே கொடுத்தது பாரபட்சம் என்பது அதன் சாரம். அளவை ஒன்று, ஆளுக்கேற்ற படி வேறு. ஷுஐபு (அலை) அவர்களின் மத்யன் கூட்டத்தார் எதற்காக அழிக்கப்பட்டார்கள் என்று திருமறை ஓதுபவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக நம் பக்கத்துக் குறையை மறைக்கவும் கூடாது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் நம் படகுகளில் பெரும்பாலானவை அக்கருவியைப் பொருத்தவில்லை. 2010-களின் இறுதியில் அமெரிக்கா மீண்டும் நம் கடல் இறாலுக்குக் கதவடைத்தது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைக் கண்ட பிறகு, இதை அந்நியரின் சூழ்ச்சி என்று மட்டும் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவிக்கும் கணக்குண்டு என்பது நம் நம்பிக்கை அல்லவா? கடல் நமக்குச் சொத்தல்ல, அமானிதம். கேட்க வேண்டிய நீதி, கருவிக்கான செலவையும் பழகுவதற்கான அவகாசத்தையும் எல்லோருக்கும் ஒன்றுபோல் தருவதே.

2025 ஆகஸ்டு 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் தீர்வை 50 விழுக்காடாக்கப்பட்டது. காரணம் இறாலுமல்ல, ஆமையுமல்ல. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை அதில் பாதி. பின்னர் அந்த விகிதம் என்னவாயிற்று என்பது நம் பேச்சல்ல. வல்லரசுகளின் வழக்கில் இறால் உரிக்கும் பெண்ணின் கூலி எப்படிப் பிணைப் பொருளாயிற்று என்பதே கேள்வி.

தீர்வையே கூடாது என்று இஸ்லாம் சொல்கிறதா? இல்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் வெளிநாட்டு வியாபாரிகளிடம் பத்திலொரு பங்கு வாங்கப்பட்டது. அவர்கள் நம் வியாபாரிகளிடம் வாங்குவதற்குச் சமமாகவே அந்த ஏற்பாடு தொடங்கிற்று. ஆனால் மதீனாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் கொண்டுவந்த நபத்தீ வணிகரிடம் உமர் (ரலி) அவர்கள் இருபதில் ஒரு பங்கே வாங்கினார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா கூறுகிறது. சரக்கு தாராளமாக வர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். மதீனாவாசிகளின் வயிற்றை நினைத்துச் செய்ததுதான் அது என்பது உண்மையே. ஆனாலும் உள்ளூர் ஏழைக்கு நலம் தேடப் போய் வெளியூர் வணிகரின் சுமையும் குறைந்தது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயம் செய்யுமாறு ஸஹாபாக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் மறுக்கவில்லையா? விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ் என்று சொல்லவில்லையா? அப்படியிருக்க நியாய விலை, நியாய வணிகம் என்பதெல்லாம் எதற்கு? ஆட்சேபம் பொருத்தமானதே. ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள்தாம் பதுக்கலைத் தடுத்தார்கள், பொய் ஏலம் கேட்பதைத் தடுத்தார்கள், வழிமறிப்பதைத் தடுத்தார்கள். மழை குறைந்து விலை ஏறுவது ஒன்று; மனிதன் கையை முறுக்கி விலை இறக்குவது வேறொன்று. முன்னதில் கை வைக்க மறுத்தார்கள், பின்னதை விட்டுவைக்கவில்லை. உணவு வணிகர் வரம்பு மீறி மக்களை வதைத்தால், விவரமறிந்தோரின் ஆலோசனையுடன் விலை நிர்ணயிக்கலாம் என்று ஹனஃபீ நூலாகிய ஹிதாயா இடங்கொடுப்பதும் இந்த அடிப்படையில்தான். இருதரப்பு மனப்பொருத்தம் வியாபாரத்துக்கு நிபந்தனை என்று திருமறை விதித்திருக்கிறது. ஐஸ் உருகிக்கொண்டிருக்க, கடன்காரர் எதிரே நிற்க, சரி என்று தலையசைப்பவரின் மனம் பொருந்திற்று என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

அண்ணலார் நபித்துவம் பெறுமுன், வாலிபராக இருந்த காலத்தில் மக்காவில் நடந்த ஒன்று இதில் நமக்கு வழி காட்டும். யமன் நாட்டு ஜுபைத் கோத்திரத்தவர் ஒருவர் சரக்குக் கொண்டுவந்தார். குறைஷித் தலைவர்களில் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். வந்தவருக்கு மக்காவில் குலமில்லை, ஆதரவில்லை. கேட்டவர்களெல்லாம் கைவிரித்தார்கள். அவர் அபூகுபைஸ் மலையில் ஏறி நின்று முறையிட்டார். நபியவர்களின் பெரிய தந்தையான ஜுபைர் இப்னு அப்துல் முத்தலிப் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, உள்ளூரானோ வெளியூரானோ, அநீதிக்குள்ளானவர் பக்கம் நின்று அவர் உரிமையை வாங்கித் தருவோம் என்று உடன்படிக்கை செய்தார்கள். நேரே போய்ப் பொருளை மீட்டும் கொடுத்தார்கள். அந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் அண்ணலாரும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அப்படியொன்றுக்கு அழைக்கப்பட்டால் போவேன் என்றார்கள்.

இந்த வரலாற்றை மீலாது மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதில் அநீதி செய்தவர் அவர்களுடைய சொந்தக் குறைஷி, அநீதிக்குள்ளானவர் அந்நியர் என்பதை அழுத்திச் சொல்பவர் குறைவு. வாஷிங்டனைக் குறை சொல்வதில் நமக்குச் செலவில்லை. மண்ணடியிலிருந்து காசிமேடு அதிக தூரமில்லை. அங்கே முன்பணமாகச் சுழலும் பணத்தில் நம்மவர் பணமும் இருக்குமானால், காலையில் மீன்காரப் பெண்ணுக்குத் தண்டலுக்குக் கொடுத்து மாலையில் வட்டியுடன் வசூலிக்கும் கை நம் மஹல்லாக் கையாக இருக்குமானால், மலை மேல் நின்று கூவுபவர் யார், கீழே பொருளை வைத்துக்கொண்டிருப்பவர் யார்?

நம் ஜமாஅத்துகள் பலவற்றில் பைத்துல்மால் இருக்கிறது. வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். காசிமேட்டு மீனவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஆவர். ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்குரியது என்பதால் அதில் கை வைக்க முடியாது. ஆனால் ஸதகாவுக்கும் அழகிய கடனுக்கும் அந்த வரையறை இல்லை. ஐஸுக்கும் டீசலுக்கும் பத்துப் படகுகளுக்கு, மீனை எங்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம் என்ற சொல்லுடன், கடன் கொடுக்க ஒரு ஜமாஅத் துணிந்தால் எவ்வளவு மாறும்! இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டைப் பார்க்கட்டும். 1960-களின் இறுதியில் அங்கே மீனவர்கள் சங்கம் அமைத்து ஏலத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள். விற்பனைப் பணத்திலேயே சேமிப்பும் கடன் அடைப்பும் நடக்குமாறு செய்து சங்கம் நிலைத்தது. அத்தகைய சங்கங்கள் சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாயின. கன்னியாகுமரிக் கரையிலும் அவை பரவின. நாம் மேடையில் பேசும் மஸ்அலாவை அந்தக் கிறிஸ்தவச் சகோதரர்கள் கரையில் செய்து காட்டினார்கள்.

இனி, இதுவரை இப்படி முன்பணம் கொடுத்து ஆதாயம் எடுத்தவர் என்ன செய்வது என்று கேட்கப்படும். கடன் தொகை அவருடையது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். படகுக்காரர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்க வேண்டும். விற்பனை நிபந்தனையை அன்றே நீக்கி, அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கடனுக்காகக் கூடுதலாகக் கழித்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, உரியவர் இருந்தால் அவரிடமும், அவர் மவுத்தாகியிருந்தால் வாரிசுகளிடமும் சேர்த்துவிட வேண்டும். யாரென்று அறவே தெரியாத தொகையை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கழித்துவிட வேண்டும். காசிமேட்டில் அந்தச் சிரமம் பெரும்பாலும் இராது. படகின் பெயரும் எண்ணும் கணக்கு நோட்டிலேயே இருக்கும்.